எழுத்து மாறினால் மொழி மாறுமா?

"அரபு எழுத்தில் எழுதியது எப்படித் தமிழாகும்?" என்று எள்ளி நகையாடும் புலவர் பெருமக்களைக் கேட்கிறோம்: மொழி வாழ்வது நாவிலா, வரிவடிவிலா?

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் முசுலிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அதுவே அரபுத்தமிழ். அரபியில் 'ப' இல்லை, 'ட' இல்லை, 'ழ' இல்லை. அதற்காகத் தமிழைச் சிதைத்தார்களா? இல்லை! அரபு எழுத்துக்குப் புள்ளியிட்டுத் தமிழொலிக்கு இடந்தந்தனர். வளைந்தது எழுத்து, வளையவில்லை தமிழ்! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்திலே நூல்கள் இயற்றினார். ஐரோப்பாவிலே, சுலாவிய மொழியாகிய பொசுனியத்தையும் அந்நாட்டு முசுலிம்கள் இவ்வாறே எழுதினர், பொசுனியம் அரபியாகிவிடவில்லை!

எழுத்து கருவி, கடவுளன்று. 1935-இல் பெரியார் எழுத்தைத் திருத்தினார். 1978-இல் அரசு ஏற்றது. தமிழ் செத்தா போயிற்று? எல்லையோரத்து நம் கே.ஜி.கண்டிகைப் பக்கம், தமிழ் மட்டுமே படித்த தெலுங்கர் தம் தாய்மொழியைத் தமிழெழுத்தில் குறித்தால், அது தெலுங்கு இல்லையா?

தோழர்களே! அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தோர் அருகிவருகின்றனர். அவ்வேடுகளில் உறங்குவது நம் தமிழ். செல்லரிக்குமுன் அவற்றைத் தமிழெழுத்தில் பதிப்பிக்கப் பல்கலைக்கழகங்களை வற்புறுத்துவோம். சமயம் பார்த்துத் தமிழைத் தள்ளுவோன், தமிழன்பன் அல்லன்!