குடும்பப் பக்கம்: பிள்ளை இப்போது யார் பொறுப்பில்?



பாடசாலை விடுமுறை விட்டதும் ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்தச் சனிக்கிழமை வசாகாவுக்குப் போவமோ?" என்று ஒருவர் தொடங்குவார். அடுத்த நாளே நாலு வீட்டுக்காரர் சேர்ந்துவிடுவார்கள். ஒரு வீட்டில் புட்டு, இன்னொரு வீட்டில் கோழிக்கறி, மற்ற வீட்டில் வடை என்று பொறுப்புகள் பிரிக்கப்படும். யார் காரில் யார் ஏறுவது என்பதும் தீர்மானமாகிவிடும். ஆனால் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கும் நாம் ஒரு பொறுப்பை மட்டும் எவருக்கும் கொடுப்பதில்லை. கூட்டத்திலுள்ள ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தையைத் தண்ணீர்க்கரையில் பார்த்துக்கொள்வது யார்? இம்முறை இதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

வசாகா கடற்கரை ஜோர்ஜியன் குடாவின் தென்கரையில் உள்ளது. 14 கிலோமீற்றர் நீளமான மணற்கரை. நன்னீர்க் கரைகளில் உலகிலேயே மிக நீளமானது என்று பெயர் பெற்றது. வெகுதூரம் வரை ஆழமில்லை. பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் நடந்து பழகியவர்களுக்கு அந்த ஞாபகம் வராமல் இராது. காரைநகர்க் கசூரினாவில் குளித்தவர்களும், மெரினாவில் கால் நனைத்தவர்களும் இங்கே வந்து, "உப்புமில்லை, பெரிய அலையுமில்லை, பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்" என்று மகிழ்வார்கள். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

கடல் நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. அதனால் கடல் எம்மைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். ஏரி நீர் அப்படித் தூக்காது. வடமேற்கிலிருந்து காற்று வீசினால் வசாகாவிலும் அலை எழும். காற்றுக் கரையிலிருந்து ஏரிப் பக்கம் திரும்பினால், காற்றடைத்த வாத்தும் வளையமும் பிள்ளையோடு சேர்ந்து வெளியே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடக்கப் பழகும் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிடும்போது தலை பாரம் கூடியது. குப்புற விழுந்தால் தானாகத் தலையைத் தூக்கி எழும்ப அதனால் முடியாது. எமக்குக் கணுக்கால் அளவான தண்ணீர் அதற்குப் போதும். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையைக் காலை அடித்து ஆரவாரம் செய்யாது. சத்தமில்லாமல் ஒரு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும்.

இனி எங்கள் பழக்கத்தைப் பார்ப்போம். ஊரில் பிள்ளை வளர்த்தது தாய் மட்டுமல்ல. முற்றத்தில் அம்மம்மா, வேலிக்கு அப்பால் பெரியம்மா, ஒழுங்கையில் மாமா என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கண் பிள்ளையின் மேல் இருந்தது. அந்த நம்பிக்கையை நாம் இங்கேயும் கொண்டு வந்திருக்கிறோம். ஏரிக்கரையில் முப்பது பேர் இருக்கும்போது அறுபது கண்கள் பார்க்கின்றன என்று நினைக்கிறோம். உண்மையில் தாய் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார், தகப்பன் கரி அடுப்பை மூட்டுகிறார், மாமாமார் 304 விளையாட உட்கார்ந்துவிட்டார்கள், இளையவர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறார்கள். தாய் பிள்ளை தகப்பனோடு என்று நினைக்கிறார். தகப்பன் சித்தியோடு என்று நினைக்கிறார். சித்தி தாயோடு என்று நினைக்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்பதே பொருள்.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று உண்டு. பிள்ளை தண்ணீருக்கு அருகில் இருக்கும் நேரமெல்லாம் பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். பதினைந்து அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மாற்றும்போது வாயால் சொல்லுங்கள்: "மச்சாள், இனி நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ." மற்றவர், "ஓம், நான் பாக்கிறன்" என்று பதில் சொன்ன பிறகே முதலாமவர் நகர வேண்டும். பதில் வராவிட்டால் பொறுப்பு கை மாறவில்லை. அடையாளத்துக்கு ஒரு தொப்பியையோ விசிலையோ கைமாற்றினால் இன்னும் நல்லது. தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர் சமைக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது, தொலைபேசியை எடுக்கக் கூடாது. கனடாவின் உயிர்காப்புச் சங்கத்தார் சொல்லும் அளவு, கையை நீட்டினால் பிள்ளையைத் தொட வேண்டும் என்பது. கரையில் கதிரை போட்டு இருந்துகொண்டு பார்ப்பது பார்ப்பதாகாது.

இந்தப் பொறுப்பை அம்மம்மாவின் தலையில் கட்டிவிடுவது எங்களிடையே வழக்கம். ஊரிலிருந்து வந்து நிற்கும் வயோதிபரால் மணலில் ஓட முடியுமா, தண்ணீரில் இறங்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பத்து வயது அண்ணனிடமும் அக்காளிடமும் விடுவதும் அப்படியே. அவர்களும் குழந்தைகள்தான்.

"உயிர்காப்பாளர் இருப்பார்களே" என்று சிலர் சொல்லலாம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. சிம்கோ ஏரியின் சிபால்ட் பொயின்ற், பிரின்ஸ் எட்வேர்ட் கவுன்ரியிலுள்ள சாண்ட்பாங்க்ஸ் ஆகிய இடங்களுக்கும் இது பொருந்தும். ரொறன்ரோ மாநகரத்தின் வூட்பைன், புளவர்ஸ் பார்க் போன்ற கரைகளில் கோடைக் காலத்தில் குறித்த நேரங்களில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். அங்கே நீரையும் பரிசோதிக்கிறார்கள். 100 மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலை கிருமி 100க்கு மேற்பட்டால் குளிக்க வேண்டாமென்று அறிவிப்பார்கள். பலத்த மழைக்குப் பின் இரண்டு நாள் பொறுப்பது எங்கும் நல்லது. முதன்முதலாகப் பிள்ளையைக் கூட்டிச் செல்பவர்கள் ஸ்காபரோவிலுள்ள புளவர்ஸ் பார்க்கில் ஒரு காலைப் பொழுதைக் கழித்துப் பார்க்கலாம். மணலும் குளிர் நீரும் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒன்ராறியோ ஏரி ஆடி மாதத்திலும் திடீரென்று குளிர்ந்து போகும் இயல்புடையது. உதடு நீலம் பாரித்தால் உடனே தூக்கித் துடையுங்கள்.

இனிப் பயணத்தைப் பற்றி. ரொறன்ரோவிலிருந்து வசாகாவுக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். 400ஆம் நெடுஞ்சாலையால் பாரி வரை போய், பின்னர் 26ஆம் இலக்க வீதியைப் பிடிக்க வேண்டும். வெறிச்சோடிய வீதியில் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். சனிக்கிழமை பத்து மணிக்குப் புறப்பட்டால் இரட்டிப்பு நேரமும் ஆகலாம். காலை ஏழு மணிக்கு முன் வெளிக்கிட்டால் நெரிசலும் குறையும், பிள்ளையும் மிச்ச நித்திரையைக் காரிலேயே முடித்துக்கொள்ளும். விழித்துவிட்டால் பிராட்ஃபோர்ட் அருகே ஹொலண்ட் மார்ஷின் கரிய மண்ணில் வளரும் கரட்டையும் வெங்காயத்தையும் காட்டிக் கதை சொல்லலாம்.

அழுகிற பிள்ளையைக் கண்டால் மனம் இளகும். "பாவம், என்ர மடியில தா" என்று அப்பம்மா கேட்பார். கொடுக்கக் கூடாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு செக்கனில் நின்றால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் 140 கிலோவின் விசையோடு முன்னே பாயும். எந்த அப்பம்மாவின் கையும் அதைத் தாங்காது. ஆசனப் பட்டியைக் கனடாவிலேயே முதன்முதலாகக் கட்டாயமாக்கிய மாகாணம் ஒன்ராறியோ. அது 1976 தை மாதம் முதலாந் திகதி. குழந்தைகளுக்கு இன்று எடைக்கேற்ற விதி உண்டு. 9 கிலோ ஆகும்வரை பின்பக்கம் பார்த்த ஆசனம், 9 முதல் 18 கிலோ வரை பட்டிகளுள்ள குழந்தை ஆசனம், அதன்பின் எட்டு வயது வரை, அல்லது 36 கிலோ எடையோ 145 சென்ரிமீற்றர் உயரமோ எட்டும்வரை, உயர்த்தும் ஆசனம். 9 கிலோ தாண்டியதும் முன்பக்கம் திருப்ப வேண்டுமென்று அவசரமில்லை. ஆசனம் இடங்கொடுக்கும்வரை பின்பக்கம் பார்த்திருப்பதே பிள்ளையின் கழுத்துக்குப் பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ நியூ ஜேர்சியிலிருந்தோ உறவினர் அன்போடு கொண்டுவரும் ஆசனம் இங்கே சட்டப்படி செல்லாது. மேப்பிள் இலை பொறித்த கனடாவின் பாதுகாப்பு முத்திரை அதில் இருக்க வேண்டும். ஆசனத்துக்குக் காலாவதித் திகதியும் உண்டு. மூத்த பிள்ளையின் ஆசனத்தை இளையவருக்கு எடுக்குமுன் அதைப் பாருங்கள்.

காரை நிறுத்திய பின்னும் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளை நித்திரை, குழப்புவானேன் என்று காரில் விட்டுச் சாமான் இறக்கப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 பாகை ஏறிவிடும். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பயனில்லை.

வெயிலைப் பற்றி, "எங்கட தோலுக்கு ஒன்றும் செய்யாது" என்று நினைப்பவர்கள் பலர். கறுத்த தோலும் வேகும். கசூரினாவில் சவுக்கு மர நிழல் உண்டு, இங்கே மணலில் நிழலை நாமே கொண்டுபோக வேண்டும். வானிலை அறிக்கையில் புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் சொல்வார்களே, அதை 1992ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர்கள் கனடாவின் விஞ்ஞானிகளே. அது 3க்கு மேற்பட்டால் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் வேண்டும். முற்பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை கூடாரத்துக்குள் நித்திரை கொள்ள வையுங்கள். நேர்த்தி வைத்து அண்மையில் முடி இறக்கிய பிள்ளையென்றால் தொப்பி இல்லாமல் ஒரு நிமிடமும் விடாதீர்கள். கழுத்துச் சங்கிலி, பஞ்சாயுதம், காப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மணலில் தொலைந்தால் கிடையாது என்பது ஒருபுறம், உயிர்காப்பு அங்கியின் பட்டியில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் என்பது மறுபுறம்.

அந்த அங்கி கனடா அரசின் அங்கீகாரம் பெற்றதாகவும் பிள்ளையின் எடைக்கு ஏற்றதாகவும் இருக்கட்டும். கால்களுக்கிடையே பட்டி உள்ளதே சின்னப் பிள்ளைக்கு நல்லது. கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான், உயிர் காப்பவை அல்ல. நீல நிறக் குளியலுடை தண்ணீருக்குள் தெரியாது. செம்மஞ்சள் அல்லது பளிச்சென்ற இளஞ்சிவப்பு வாங்குங்கள்.

சாப்பாட்டில் இரண்டு எச்சரிக்கைகள். கச்சான், கடலை, முழு முந்திரிகைப்பழம், கடின முறுக்கு ஆகியவை சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும். முந்திரிகையை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள். தயிர்ச்சோறும் கறியும் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததைக் கொடுக்க வேண்டாம். சமைத்து முடிந்த கரியை மணலில் புதைப்பவர்கள் உண்டு. மேலே சாம்பலும் தெரியாது, உள்ளே நெருப்பும் அணையாது. வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி நன்றாக அணைத்து அதற்குரிய தொட்டியில் போடுங்கள்.

காலையில் புறப்படுமுன் அன்று அணிந்த உடுப்போடு பிள்ளையை ஒரு படம் எடுத்து வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு மற்ற இடங்களை. ஐஸ்கிறீம் கடையில் நிற்கும் பிள்ளை ஐந்து நிமிடம் கழித்தும் அங்கேயே நிற்கும். தண்ணீரில் விழுந்த பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லை. ஒருவர் 911ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் கை கோத்துத் தண்ணீரில் தேடட்டும். மூச்சு ஊட்டும் முதலுதவி தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு சொல். கடல் சூழ்ந்த ஊர்களிலிருந்து வந்த எம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பெண்களில் எத்தனை பேருக்கு? கரையில் நிற்பவருக்கு நீந்தத் தெரியாவிட்டால், ஒரு பிள்ளைக்காக இரண்டு உயிர் போகும். உயிர்காப்புச் சங்கம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம் மூன்றே மூன்று: ஆழத்தில் உருண்டு விழுந்து மேலே வருதல், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதத்தல், 50 மீற்றர் நீந்துதல். ஐம்பது வயதிலும் இதைக் கற்கலாம். மாநகரத்தின் சமூக நிலையங்களில் பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு. மாரியில் சேர்ந்தால் அடுத்த கோடைக்குத் தயாராகிவிடலாம்.

இவ்வளவும் படித்து, "வீட்டிலேயே இருப்பம்" என்று எவரும் முடிவெடுத்துவிடக் கூடாது. பனிக்காலம் நீண்ட இந்த நாட்டில், காலில் மணலும் மேலில் வெயிலும் படுகிற நாட்கள் எம் பிள்ளைகளுக்கு மிகச் சிலவே. அவற்றை நாம் குறைக்க வேண்டாம். போய் வாருங்கள், மகிழ்ந்து வாருங்கள். போகும்போது புட்டும் கறியும் யார் யார் கொண்டுவருவது என்று எழுதும் கடதாசியின் முதல் வரியில் பிள்ளையைப் பார்ப்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.