பிடித்து வைக்கும் உரிமையும் போகும் உரிமையும்

2025ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் நண்பர்கள் நால்வர் காப்பிக்கு உட்கார்ந்தோம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்ட செய்தி வந்திருந்த நேரம். செம்பூர் நண்பர் கொதித்துப்போனார். "பன்னிரண்டு சீசன் உழைத்தவனைச் சந்தையில் மாடு மாற்றுவதுபோல் மாற்றிவிட்டார்களே! விசுவாசத்துக்கு மரியாதை இவ்வளவுதானா?"

அவருக்கு நான் பழைய கதை ஒன்றை நினைவூட்டினேன். 2008இல் நம் நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் ஜடேஜா இருந்தார். அப்போது அவருக்கு வயது 19. அடுத்த இரண்டாண்டுக்குள் அவர் பெயர் வேறு விதமாகச் செய்தியில் வந்தது. ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, கூடுதல் தொகைக்காக மும்பை இந்தியன்ஸுடன் நேரடியாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. 2010 சீசன் முழுவதும் ஆடக்கூடாது என்று ஐ.பி.எல். நிர்வாகம் தடை விதித்தது. அன்று இதே நண்பர், இதே காப்பிக் கடையில், "மீசை முளைக்கும் முன்னே பணத்தாசை பார்" என்று திட்டினார். நானும் தலையாட்டினேன்.

ஆக, ஆட்டக்காரன் அணியை விட்டுப் போக நினைத்தால் துரோகம். அணி ஆட்டக்காரனை அனுப்பினால் நிர்வாக முடிவு. இந்த இரட்டை அளவுகோலைப் பற்றித்தான் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

ஜடேஜா விதியை மீறினார் என்பதை நான் மறுக்கவில்லை. விதி என்றால் விதிதான். ஆனால் அந்த ஆட்டக்காரரின் சந்தை மதிப்பு என்ன? தடை முடிந்து ஏலத்துக்கு வந்தபோது 2011இல் கொச்சி அணி 9 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. 2012இல் சென்னை அணி 20 லட்சம் டாலர் கொடுத்தது. அதற்கு ஐதராபாத் அணியும் முட்டி மோதியது. அப்படியென்றால் 2010இல் அந்த இளைஞர், "என் விலை இதைவிட அதிகம்" என்று நினைத்தது பேராசையா, சரியான கணக்கா?

என் பேரன் மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவில் கூடைப்பந்து ஆடுகிறான். அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டங்களை விடிகாலையில் எழுந்து பார்ப்பவன். அவன் மூலம் இதே வகை இழுபறி ஒன்று எனக்குத் தெரியவந்தது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 2021இல் ஜோனதன் குமிங்கா என்ற காங்கோ நாட்டு இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. நான்காண்டு ஒப்பந்தம் 2025இல் முடிந்தது. முடிந்தாலும் அவர் முழுச் சுதந்திரர் அல்லர். வேறு அணி ஒரு தொகை சொன்னால், பழைய அணி "அதே தொகையை நானே தருகிறேன்" என்று சொல்லி அவரை நிறுத்திக்கொள்ளலாம். இதை "கட்டுப்பாடுள்ள சுதந்திரம்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். செம்பூரில் நீங்கள் வீட்டை விற்கப்போகிறீர்கள். யார் என்ன விலை சொன்னாலும் அதே விலைக்குத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கிறது. இது ஊருக்கே தெரியும். எவராவது மெனக்கெட்டு வந்து விலை பேசுவாரா? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை என்று ஆகிவிடும். குமிங்காவுக்கும் அதுதான் நடந்தது. ஏறத்தாழ 80 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஆடிவிட்டு மறு ஆண்டு முழுச் சுதந்திரம் பெறுவதா, அணி சொல்லும் நீண்ட ஒப்பந்தத்துக்குத் தலையசைப்பதா என்று ஜூலையில் தொடங்கிய பேச்சு செப்டம்பர் கடைசி வரை இழுத்தது. முடிவில் இரண்டாண்டுக்கு 4 கோடியே 85 லட்சம் டாலர் வரை என்று ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது மட்டும் அணியின் கையில்.

கோடிகளில் புரள்பவருக்கு என்ன குறை என்று அன்பர்கள் கேட்கலாம். அணியின் பக்கமும் நியாயம் உண்டு. பதினெட்டு வயதுப் பையனைப் பொறுக்கி எடுத்து, பயிற்சி கொடுத்து, அவன் தவறுகளைப் பொறுத்து வளர்த்தவர்கள் அவர்கள். பழுத்த நேரத்தில் பணக்கார அணி வந்து பறித்துக்கொண்டு போனால், யார்தான் கன்று நடுவார்கள்? ஆகவே பிடித்து வைக்கும் உரிமை வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. அந்த உரிமைக்கு நியாயமான விலையும், ஒரு முடிவுத் தேதியும் இருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

விதியைச் சற்றே திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஐ.பி.எல்.லிலேயே சான்று உண்டு. 2018 ஏலத்தில் டு பிளெசிஸுக்கு வேறு அணி கேட்ட 1 கோடியே 60 லட்சத்தையே கொடுத்துச் சென்னை அவரை நிறுத்திக்கொண்டது. அன்று விதி அப்படி. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் அந்த விதியை மாற்றினார்கள். பழைய அணி உரிமை கோரினால், கடைசியாகக் கேட்ட அணி இன்னும் ஒருமுறை தொகையை உயர்த்தலாம். ரிஷப் பந்தை லக்னோ 20 கோடியே 75 லட்சத்துக்குக் கேட்டது. டெல்லி உரிமை கோரியது. லக்னோ ஒரே தாவலில் 27 கோடி என்றது, டெல்லி விலகிக்கொண்டது. ஒரே ஒரு வரி திருத்தத்தால் அந்த ஆட்டக்காரருக்கு 6 கோடியே 25 லட்சம் கூடுதலாகக் கிடைத்தது. பழைய அணியின் உரிமையும் பறிபோகவில்லை.

விளையாட்டுச் செய்திக்கு நம் சங்க இதழில் இத்தனை இடம் எதற்கு? காரணம் உண்டு.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது, பயிற்சிக்குப் பின் ஐந்தாண்டு பணியாற்றுவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தேன். மாட்டுங்காவில் இருந்த என் மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இடையில் வளைகுடாவில் வேலை வாய்ப்பு வந்தது. போகவில்லை, அதில் இன்றும் எனக்குப் பெருமைதான். சில ஆண்டுகளுக்கு முன் தாராவி தொண்ணூறடிச் சாலையில் இருக்கும் என் நண்பர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். முதல் பட்டதாரி. அவள் வேலை பார்த்த கம்பெனி இரண்டாண்டுப் பத்திரம் எழுதி வாங்கி, மதிப்பெண் சான்றிதழ்களின் அசலையும் வாங்கி வைத்திருந்தது. வேறிடத்தில் ஏறக்குறைய இரட்டிப்புச் சம்பளத்துக்கு அழைப்பு. நான் என் கதையைச் சொல்லி, "பொறுமையாக இரும்மா, உப்பிட்டவரை நினைக்கவேண்டும்" என்றேன். அவளும் இருந்தாள். அழைப்பு காலாவதி ஆனது. ஆறே மாதத்தில் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. ஒரு மாத நோட்டீஸில் வெளியே அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி.

நான் கொடுத்த அறிவுரை தவறு. என் பத்திரத்துக்கு ஈடாக ரயில்வே எனக்கு நிரந்தர வேலையும், குவார்ட்டர்ஸும், மருத்துவமும், பென்ஷனும் கொடுத்தது. கட்டு இரண்டு பக்கமும் இருந்தது. அவள் கட்டுண்டாள், கம்பெனி கட்டுப்படவில்லை. ஒரு தண்டவாளத்தை மட்டும் போட்டுவிட்டு வண்டி ஓட்டச் சொன்னது போன்றது அது. இந்த வித்தியாசத்தை அன்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சட்டமும் ஏறத்தாழ இந்த நடுநிலையில்தான் நிற்கிறது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. அதேசமயம், மூன்றாண்டுக்கு முன் வேலையை விட்டால் 2 லட்ச ரூபாய் கட்டவேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரம் விளையாட்டுப் பொருள் அல்ல. கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை நாள்? விட்டால் எவ்வளவு? அவர்கள் என்னை அனுப்பினால் எனக்கு என்ன? அசல் சான்றிதழை மட்டும் எவரிடமும் விட்டுவைக்கவேண்டாம், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

நம் முன்னோர் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள். கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று நம்மை வளர்த்தார்கள். அது அந்தக் காலத்துக்குச் சரி. பிள்ளைகள் தங்கள் உழைப்பின் விலையைக் கேட்டால், அதை நன்றிகெட்டத்தனம் என்று நாம் சொல்லவேண்டாம்.

ஜடேஜா 14 கோடி ரூபாய்க்கு அதே ராஜஸ்தானுக்குத் திரும்பிப் போனார். செம்பூர் நண்பருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டாம். ஆனால் 2010இல் அந்தப் பையன் மீது நாங்கள் இருவரும் பட்ட கோபத்தை இப்போதாவது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.