மவுஸ் யார் கையில்?

நாமக்கல்லில் என் மாமா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். 2018 மார்ச்சில் போன் செய்தார்.

"மாப்ளே, இ-வே பில்லுக்கு ட்ரெய்னிங் குடுக்கறாங்களாமா. நீ பி.காம். ஆச்சே, வந்து உக்காரு."

படித்த பாவத்துக்குப் போய் உட்கார்ந்தேன். (இந்த இ-வே பில் பிப்ரவரி 1-ம் தேதியே வந்திருக்க வேண்டியது. அன்றைக்கு இணையதளம் படுத்துக்கொண்டதால் ஏப்ரல் 1-க்குத் தள்ளிப் போட்டார்கள். தேதியைக் கவனித்தீர்களா?)

வாத்தியாரைக் காணோம். அவர் சென்னையில் இருந்தார். இங்கே நாலு கம்ப்யூட்டர், முன்னால் நாலு பேர். ஸ்பீக்கரில் ஒரு குரல்: "சார், ஒரு நம்பர் தெரியுதா? அதைச் சொல்லுங்க."

சொன்னோம். அவ்வளவுதான், மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. கணக்குப்பிள்ளை அய்யா சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். நாற்பது வருஷம் பேரேடு எழுதிய கை.

பேயெல்லாம் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப். நம் திரையின் படம் அவருக்குப் போகிறது; அவருடைய மவுஸ் அசைவும் தட்டுகிற எழுத்தும் இங்கே வருகின்றன. திரையில் மாறிய இடத்தை மட்டும் அனுப்புவதால் சுமாரான இன்டர்நெட்டிலும் ஓடும். கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களிலேயே செய்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 1998-ல் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தது. வகுப்பு நடத்த இதைவிடச் சௌகரியம் கிடையாது. வாத்தியார் தன் இடத்தில் உட்கார்ந்தபடி எல்லார் திரையையும் பார்க்கலாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம், அல்லது மவுஸைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

நம்மாள் பிடுங்கிக்கொண்டார். 'ஏ' பகுதியில் சரக்கு விவரம், 'பி' பகுதியில் லாரி நம்பர், டக் டக்கென்று நாலே நிமிஷம்.

"புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுதுங்க" என்றோம் கோரஸாக. கல்லூரியில் காஸ்ட் அக்கவுன்ட்டன்ஸி வகுப்பில் நான் சொன்ன அதே 'புரிஞ்சுது'.

ஏப்ரலில் ஒரு நாள் காலை புனாவுக்கு ஜவ்வரிசி லோடு. (முட்டையாக இருந்தால் தொல்லையில்லை, வரியில்லாத சரக்கு.) ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போனால் பில் இல்லாமல் நகரக் கூடாது. வழியில் பிடித்தால் வண்டி நிற்கும், அபராதமும் உண்டு. டிரைவர் வாசலில் இரண்டாவது டீ குடிக்கிறார். உள்ளே நாலு பேர் திரையை வெறிக்கிறோம். வாத்தியார் எங்கே கிளிக் செய்தார் என்று ஒருத்தருக்கும் நினைவில்லை. மாமா என்னைப் பார்த்த பார்வையில் என் டிகிரியே செல்லாததாகிவிட்டது.

சென்னைக்குப் போன். மறுபடி நம்பர். மவுஸ் அசைய ஆரம்பித்ததும் கணக்குப்பிள்ளை குறுக்கே புகுந்தார்.

"ஏனுங் தம்பி, நீங்க மவுஸ உட்டுருங்க. நான் பண்றேன். தப்பாப் பண்ணினா சொல்லுங்க."

"சார், லேட்டாகும்..."

"ஆவட்டுமுங்க."

ஆயிற்று. முக்கால் மணி நேரம். லாரி நம்பரில் 'ஓ'வுக்கும் பூஜ்யத்துக்கும் சண்டை. இரண்டு தடவை முதலிலிருந்து. சென்னைக்காரர் பொறுமையாக, "இல்லை சார், அதுக்கு மேலே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! லாரி கிளம்பியது. அடுத்த பில்லை அய்யா பத்து நிமிஷத்தில் போட்டார். மற்ற மூன்று பேருக்கும் அவரே சொல்லிக் கொடுத்தார், மவுஸைத் தொடாமல்.

2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் என்ற இதே ரக சாஃப்ட்வேரைப் பற்றி எச்சரித்தது. 'பேங்க்கிலிருந்து பேசறோம்' என்று சொல்லி அதைப் போனில் ஏற்றச் சொல்வார்கள். நம்பரைச் சொன்னால் கணக்கு காலி.

அந்த மாதிரி ஒரு போன் மாமா ஆபீஸுக்கும் வந்தது. கணக்குப்பிள்ளைதான் எடுத்தார். நம்பரைக் கேட்டதும் அய்யா நிதானமாகச் சொன்னாராம்:

"நீங்க சும்மா சொல்லுங்க தம்பி. மவுஸ நாந்தான் புடிப்பேன்."