முத்திரை விழுந்தது; வீடு உமதாயிற்றா?

பத்திரப் பதிவு அலுவலகத்துப் படியிறங்கும் தோழரின் முகத்தைப் பாருங்கள். பூரிப்பு! பட்டறையிலும் ஆலையிலும் இருபது ஆண்டு சிந்திய வியர்வை, காகிதமாய்க் கையிலிருக்கிறது. "அரசே முத்திரை குத்திவிட்டது, இனி யார் என்னை அசைக்க முடியும்?" என்கிறார்.

அந்தப் பூரிப்பைக் குலைப்பது நம் நோக்கமல்ல. ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்: அவர் நினைக்கும் வல்லமை அந்த முத்திரைக்குக் கிடையாது!

பதிவுச் சட்டம் 1908இல், வெள்ளையன் காலத்தில் செய்தது. இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று பதிந்து வைப்பதே அதன் வேலை. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டா? அதை ஆராய்வது பதிவாளர் வேலையல்ல என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில், 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே சொல்லிற்று. விற்றவரிடம் இல்லாத உரிமை, வாங்கியவரிடம் எப்படி வந்து சேரும்?

கட்டணம் மட்டும் குறைவா? முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 இலட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு வாங்கினால் 2,70,000 ரூபாய்! வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமென்றால் இன்னும் ஏறும். இவ்வளவு பெற்றுக்கொள்ளும் அரசு, 'உரிமைக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஒரு வரி எழுதித் தரலாகாதா? எக்கட்சி ஆண்டாலும் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கிறோம்.

அதுவரை ஆராயும் பாரம் நம் தோள்மீதுதான். வில்லங்கச் சான்று வாங்குவோர் பலர். முப்பது ஆண்டுக்குப் போட்டுப் பார்ப்போர் சிலரே. அதிலும் பதிவானது மட்டுமே தெரியும். பதியாத உயில் தெரியாது. விற்பவரின் தங்கை தெரியமாட்டாள். ஆம், தங்கை! பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2005இல்தான் டில்லி அவ்வழிக்கு வந்தது. பெருமைதான். ஆனால் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் அந்தப் பெண் நியாயமாகப் பங்கு கேட்கும்போது நீதிமன்றத்தில் நிற்பவர் யார்? நம் தோழர்! ஆகவே தாய்ப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றையும் பாருங்கள். வாரிசுச் சான்றைக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். அவர் காப்பது வங்கியின் பணத்தை. நம் சார்பில் ஒருவருக்குச் சில ஆயிரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது வீண் செலவல்ல.

வங்கியைப் பற்றியும் ஒரு கணக்கு. 30 இலட்சம் வரையிலான கடனென்றால், வீட்டின் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முன் சொன்ன வீட்டுக்கு 27 இலட்சம் கிடைக்கலாம். எஞ்சிய 3 இலட்சமும், முத்திரை பதிவுச் செலவும் சேர்த்து 5,70,000 ரூபாய் நம் கையில் இருந்தாக வேண்டும். வட்டி எட்டரை விழுக்காடு என்றால் இருபது ஆண்டுக்கு மாதம் 23,400 ரூபாய்க்கு மேல். கட்டி முடிக்கும்போது 56 இலட்சம் தாண்டியிருக்கும். சம்பளம் அதைத் தாங்குமா என்பதை வீட்டைப் பார்க்கப் போகுமுன் பேசுங்கள், துணைவியாரோடு.

தரகர் அவசரப்படுத்துவார்: "இன்றே முன்பணம் தராவிட்டால் நாளை வேறொருவர்!" போகட்டும், வேறொருவருக்கே போகட்டும்! பத்திரங்களின் நகல் கைக்கு வராமல், ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் பணம் தராதீர்கள். கட்டப்படும் அடுக்குமாடி என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் துணையிருக்கிறது: ஒப்பந்தத்தைப் பதியுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கட்டுவோருக்கு உரிமையில்லை. கேட்டால், 13ஆம் பிரிவைப் படித்தீரா ஐயா என்று திருப்பிக் கேளுங்கள்.