அன்புக்கும் கரை வேண்டும்

மேற்கு மலைத்தொடரில் பிறந்து, கங்கைகொண்டானைத் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது சிற்றாறு. இரு கரைகளும் இருப்பதால் அதனை ஆறு என்கிறோம். கரை உடைந்தால் வெள்ளம் என்கிறோம். மனித உறவும் இத்தகையதே என்பது நம் கருத்து.

அலைபேசியில் நீலக்குறி தோன்றியும் மறுமொழி வாராவிடில் உள்ளம் துடிக்கும் மாணவ மாணவியரை அன்றாடம் காண்கிறோம். தேர்வுக்கு முந்தைய இரவிலும் நண்பரின் சினம் தணிக்கவே விழித்திருப்போர் உளர். வளைகுடாவிலிருந்து கணவரின் அழைப்பு ஒருநாள் தவறினால் உணவு மறுக்கும் பெண்டிரும் உளர். இதனை அன்பின் மிகுதி என்று பாராட்டுதல் தகுமா? அன்பின் ஆடை உடுத்தி வரும் அச்சமன்றோ இது!

உளவியலறிஞர் ஜான் பவுல்பி வகுத்த பிணைப்புக் கோட்பாட்டை மேரி எய்ன்ஸ்வொர்த் அம்மையார் ஆய்வால் வளர்த்தார். 1954, 55ஆம் ஆண்டுகளில் உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய் சேய் உறவை அவர் உற்றுநோக்கினார். சற்று நீங்கிய தாய் திரும்பியதும், சில குழந்தைகள் அவளைப் பற்றிக்கொண்டே சினந்து அழுதன. பரிவு ஒருகால் கிட்டியும் ஒருகால் கிட்டாமலும் வளர்ந்த குழந்தைகளிடம் இவ்வியல்பு மிகுதி எனக் கண்டார். 1987இல் ஹேசன், ஷேவர் என்னும் இருவர் இதனை வளர்ந்தோரின் காதலுறவுக்கும் பொருத்திக் காட்டினர். இது நோயன்று, நம்பத்தக்க உறவாலும் பயிற்சியாலும் மாறக்கூடிய இயல்பே.

"அன்பில் எல்லையாவது? இது மேலை நாட்டுச் சரக்கு" என்பார் சிலர். ஊடலுக்கே மூன்று அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், அதனை உப்போடு ஒப்பிட்டு அளவு கூறியதை அவர்கள் மறந்தனர் போலும். எல்லை என்பது மதிலன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் ஆற்றைக் கொல்லவில்லை. வயலுக்கு நீரைத் திருப்பிவிடுகின்றன.

எல்லை பிறருக்கு இடும் ஆணையுமன்று. நாம் செய்யப்போவதை நாமே உரைப்பது. "பத்து மணிக்குமேல் படிப்பேன், காலையில் பேசுவோம்" என்று கனிவாகச் சொல்லி, சொன்னபடி நிற்பதே அதன் இலக்கணம். மறுமொழி தாமதமானால் அடுத்த செய்தியை அனுப்புமுன் சற்றுப் பொறுத்தல், பிறர் அலைபேசியைத் துழாவாதிருத்தல், "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று குற்றஞ்சாட்டாமல் கூறுதல் ஆகியனவும் பயிற்சியே. முதல் சில நாள்களில் நெஞ்சு பதறும். கேட்டவர் முகம் சுளிக்கவும் கூடும். அதனால் உறவு அறுந்துவிடாது என்பதை அனுபவமே கற்பிக்கும். ஆயின் அடியும் மிரட்டலும் உள்ள உறவில் எழும் அச்சம் வேறு. அங்கே தேவை பயிற்சியன்று, பாதுகாப்பு.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். "விட்டுப் போய்விடுவேன்" என்று குழந்தையை மிரட்டாதீர். வருவதாகச் சொன்ன வேளையில் வாருங்கள். நிலையான பரிவு பெற்ற பிள்ளை பெரும்பாலும் பிரிவுக்கு அளவுமீறி அஞ்சாது. கரையுள்ள ஆறே கடல்வரை செல்லும். அளவறிந்த அன்பே ஆயுள்வரை நிற்கும்.