மூச்சு வாங்கினால் சோம்பேறியா?

காற்றுக்கு வரி இல்லை, வாடகை இல்லை, அது எல்லோருக்கும் பொது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். காவிரிக்கரையில் இருக்கும் வரைக்கும் அது சரிதான். தொட்டியத்தில் வாழைத்தார் சுமக்கிறவனுக்கும் தோட்டத்துச் சொந்தக்காரனுக்கும் ஒரே காற்று. ஆனால் லடாக்கில் பதினையாயிரம் அடிக்கு மேலே ரோடு போடப் போகிற கூலிக்காரனுக்கு அந்தக் காற்றும் அரைவயிற்றுக் கஞ்சிதான். அங்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால், “சோம்பேறிப்பயல், உடம்பு வணங்காதவன்” என்று ஏச்சு! இந்த ஏச்சு பச்சைப் பொய்.

லடாக் எங்கே, தொட்டியம் எங்கே என்று கேட்பீர்கள். பட்டாளத்துக்கும் வடக்கே போகிற லாரிக்கும் பிள்ளைகளை அனுப்புகிற ஊர்கள் நம்முடையவை. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேரைப் பனி புதைத்ததே, மறந்துவிட்டோமா? 1984 முதல் அந்தப் பனிக்காட்டில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்களைவிட உயரத்துக்கும் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்களே அதிகம்.

விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. திருச்சியிலும் அவ்வளவுதான், இமயமலையிலும் அவ்வளவுதான். மாறுவது அழுத்தம். மேலே இருக்கிற காற்றின் பாரம் கீழே இருக்கிற காற்றை நெருக்கி வைத்திருக்கிறது, மில்லில் பஞ்சைப் பேலாக அழுத்துகிற மாதிரி. உயரப் போகப் போகப் பாரம் குறைகிறது; பேல் பிரிந்த பஞ்சாகக் காற்று விட்டுப்போகிறது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற பிராணவாயு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டரில் சரிபாதி. நெஞ்சு நிறைய இழுத்தாலும் அவ்வளவுதான். குத்தகைக்காரனுக்கு மிராசுதார் அளந்த கள்ள மரக்கால் போல, பார்வைக்கு நிறைகுறி, உள்ளே பாதி!

உடம்பு சும்மா இருப்பதில்லை, போராடுகிறது. மூச்சு வேகமாகிறது, நாடி துடிக்கிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியே போய் ரத்தத்தில் காரம் ஏறுகிறது. உடனே மூளை, மூச்சைக் குறை என்று தடுக்கிறது. அதனால்தான் ராத்திரித் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. மூத்திரக்காய்கள் அந்தக் காரத்தை வெளியேற்றிச் சரிக்கட்டச் சில நாள் ஆகும். பிராணவாயுவைச் சுமக்கிற சிவப்பணுக்களை அதிகம் செய்யச் சொல்லி உத்தரவு சில மணி நேரத்திலேயே கிளம்பிவிடுகிறது. சரக்கு வந்து சேரவோ வாரக்கணக்கு. இந்த அவகாசத்தை எந்த மேஸ்திரியின் அதட்டலும் சுருக்க முடியாது.

பலசாலிக்கு ஒன்றும் ஆகாது என்பது அடுத்த புளுகு. மதுரை காளியம்மன் தேரைத் தோளில் தூக்கிப் போகிற தொட்டியத்து வாலிபனை லே விமான நிலையத்தில் இறக்கினால், அவனுக்கும் தலை வலிக்கும், வாந்தி வரும். பலம் வேறு, பழக்கம் வேறு. 1962இல் சமவெளியிலிருந்து சிப்பாய்களை அவசர அவசரமாக மலையேற்றினார்கள், பருத்திச் சட்டையோடு! சண்டைக்கு முன்பே நுரையீரல் நோய் பலரைக் கொண்டுபோயிற்று. பிறகு ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும், திடீரென்று 11,000 அடியிலிருந்து 18,000 அடி வரை கொண்டுபோகப்பட்ட 1,925 சிப்பாய்களின் மலைநோயை ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார்கள். எல்லாம் தேகப்பரிசோதனையில் தேறிய உடம்புகள்!

அந்தப் பாடத்தால்தான் இன்று பட்டாளத்தில் விதி இருக்கிறது. 9,000 அடியில் 6 நாள், 12,000 அடிக்கு மேலே 4 நாள், 15,000 அடிக்கு மேலே இன்னும் 4 நாள். படிப்படியாகப் பழகிய பிறகே வேலை. நல்ல விதி. ஆனால் உடுப்பும் சோறும்? சியாச்சின், லடாக் சிப்பாய்களுக்குப் பனிக்கண்ணாடி கடும் பற்றாக்குறை, உடுப்புகள் வாங்குவதில் 4 வருஷம் வரை தாமதம், சில சந்தர்ப்பங்களில் சாப்பாட்டுக் கலோரி 82 சதவீதம் வரை குறைந்தது என்று 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைத்த தணிக்கை அறிக்கையே சொல்லிற்று. தேசபக்திப் பிரசங்கத்துக்கு மட்டும் பற்றாக்குறையே இல்லை!

சிப்பாய்க்கே இந்தக் கதியென்றால் கூலிக்காரனை யார் கேட்பது? எல்லை ரோடுகளைப் போடுவது பெரும்பாலும் ஜார்க்கண்டின் சந்தால் ஆதிவாசிகள். அவர்கள் ஊரும் நம் ஊர் போலத் தாழ்ந்த பூமிதான். 2020 மே மாதம் ஊரடங்கில் சிக்கிய 60 பேரை லேயிலிருந்து ஜார்க்கண்ட் சர்க்கார் விமானத்தில் அழைத்துவந்தது. அப்போதுதான் ‘மேட்’ என்ற தரகர்கள் கூலியில் கைவைக்கிற கதை வெளியே வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் தம்பி! கூலி நேராகத் தொழிலாளி கைக்குச் சேரவேண்டும் என்று அந்த சர்க்கார் கேட்டது; ஜூன் 13இல் தும்காவிலிருந்து 1,600க்கு மேற்பட்டவர்கள் ரயிலேறினார்கள். 2021இல் உம்லிங் லா கணவாயில் 19,024 அடியில் ரோடு போட்டு உலக சாதனை என்று கொண்டாடினார்கள். சாதனைதான். யாருடைய மூச்சில்?

முடியாத காரியம் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. திபேத் ரயில்பாதை வேலையில் சீனா 4,900 மீட்டர் உயரச் சுரங்கத்துக்குள்ளேயே பிராணவாயு செலுத்தியது. செம்புச் சுரங்கங்கள் நிறைந்த சிலி நாடு 3,000 மீட்டருக்கு மேல் வேலை வாங்குவதற்கென்றே 2012இல் தனி விதி செய்தது. இங்கேயும், உடம்பு பழகுகிற நாட்களை வேலை நாளாகக் கணக்கிட்டு முழுக்கூலி கொடு! கூலி இல்லையென்றால், பசித்தவன் முதல் நாளே மண்வெட்டி எடுப்பான். அது அவன் குற்றமல்ல. கூடாரத்தில் பிராணவாயு சிலிண்டர் வை, இறக்கிக் கொண்டுபோக வண்டி வை!

மேலே போகிற தோழர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். தலைவலியோடு இன்னும் உயரே ஏறாதீர்கள். கூட இருப்பவன் குடித்தவன் போலத் தள்ளாடினால் மூளையில் நீர் கோத்து வீங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதே இரைத்து, இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. விடியட்டும், மேஸ்திரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிராணவாயு இருந்தால் கொடுத்துக்கொண்டே அந்த ராத்திரியிலேயே கீழே இறக்குங்கள். ஓராயிரம் அடி இறங்கினாலும் ஆள் பிழைக்க வழியுண்டு.