வரமா, சாபமா என்று கேட்டது போதும்

தமிழ்த்தினப் போட்டிகள் நெருங்கிவிட்டால் எங்கள் பாடசாலையில் ஒரு விவாதத் தலைப்பு தவறாமல் வரும்: 'விஞ்ஞானம் மனித குலத்துக்கு வரமா, சாபமா?' நானும் அந்த மேடையில் நின்றிருக்கிறேன். பத்தாம் தரத்தில் 'வரம்' அணியில் பேசினேன். அடுத்த வருடம் 'சாபம்' அணியில் பேசினேன. இரண்டு முறையும் கைதட்டல் கிடைத்தது. இரண்டு முறையும் நான் முடித்த வாக்கியம் ஒன்றுதான்: "கத்தி நல்லதுமல்ல, கெட்டதுமல்ல, அதைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது."

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த வாக்கியத்தில் எனக்கிருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. அதற்குக் காரணம் அமோனியா தயாரிப்பு என்ற சிறிய பாடம்.

நாம் சுவாசிக்கும் வளியில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன். பயிர் வளர நைதரசன் வேண்டும். ஆனால் வளியில் உள்ளதை நெற்பயிரால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1909ஆம் ஆண்டு ஜேர்மனிய விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர், நைதரசனையும் ஐதரசனையும் உயர் அமுக்கத்தில் சேர்த்து அமோனியா தயாரிக்கலாம் என்று செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதைப் பெரிய தொழிற்சாலைக்கு ஏற்றதாக மாற்றினார். 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இன்று வயலுக்கு இடும் யூரியா அந்த வழியில் வந்ததுதான். இன்றைய உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உணவு இப்படித் தயாரிக்கப்படும் பசளையில் தங்கியிருக்கிறது என்று கணிக்கப்படுகிறது. இதைவிடப் பெரிய வரம் எது?

பாடப்புத்தகம் வெப்பநிலை, அமுக்கம், ஊக்கி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வாழ்க்கை நிற்கவில்லை. முதலாம் உலகப் போர் வந்தபோது அதே அமோனியா ஜேர்மனியின் வெடிமருந்துக்கும் மூலப்பொருளானது. 1915 ஏப்ரல் 22ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே, ஜேர்மனியப் படை 150 தொன்னுக்கும் அதிகமான குளோரீன் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டது. பதுங்குகுழிகளில் இருந்த படைவீரர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டு, களத்தில் நின்று மேற்பார்வை செய்தவர் அதே பிரிட்ஸ் ஹேபர். அமோனியாவுக்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது.

இங்கேதான் என் கத்தி உவமை உடைந்தது. கத்தியைச் செய்தவர் ஒருவர், தவறாகப் பயன்படுத்தியவர் வேறொருவர் என்றால் அந்த உவமை பொருந்தும். இங்கே கை ஒன்று, அறிவு ஒன்று. ஹேபர் அறிவில்லாதவரும் அல்லர், கொடியவர் என்று பெயர் எடுத்தவரும் அல்லர். நாட்டுக்குச் சேவை செய்வதாகவே அவர் நம்பினார். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சி. "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடியவரும், அந்தச் சொல்லுக்குச் செவிசாய்ப்பவரும் அருகில் இருக்க வேண்டும்.

ஹேபரின் வீட்டிலேயே இன்னொரு இரசாயனவியலாளர் இருந்தார். அவர் மனைவி கிளாரா இமர்வார். 1900ஆம் ஆண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். திருமணத்தின் பின்னர் ஆய்வுகூடம் அவருக்குத் தூரமாகிவிட்டது. கணவர் அமோனியாவில் வெற்றி கண்ட அதே 1909இல், தன் பழைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். திருமணமான எட்டு வருடங்களில் கணவர் எவ்வளவு பெற்றாரோ, அவ்வளவையும் அதற்கு மேலும் தான் இழந்துவிட்டதாக அதில் குறிப்பிட்டார். ஈப்பர் தாக்குதல் நடந்து பத்து நாட்களில் கிளாரா துயரமான முறையில் இறந்துபோனார். ஹேபருக்கு நிகராக இரசாயனம் தெரிந்த ஒருவர் அந்தச் சமையலறையில் இருந்தார். தீர்மானம் எடுக்கும் மேசையில் அவருக்கு ஓர் ஆசனம் இருக்கவில்லை.

அப்படியானால் விஞ்ஞானமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? அதற்கும் நம் நாட்டில் அனுபவம் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. நோக்கம் நல்லதாகத் தோன்றியது. பசளையை அளவுக்கு மீறி இட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கற்பிட்டி ஓர் உதாரணம். அங்கே நிலத்தடி நீரில் நைத்திரேற்று கலந்திருக்கிறது. ஆனால் சேதனப் பசளைக்கு மண்ணும் விவசாயியும் தயாராகக் காலம் வேண்டும். அந்தக் காலம் கொடுக்கப்படவில்லை. அந்தப் பெரும்போகத்தில் மூத்தாப்பாவோடு வட்டைக்குப் போனபோது வெள்ளாமை பச்சை பிடிக்காமல் மஞ்சளித்து நின்றது. "பயிர் பசியோட நிக்குது மகள்" என்றார் மூத்தாப்பா. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் காலம் பிந்திவிட்டது. நாடெங்கும் விளைச்சல் விழுந்தது.

கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே சான்றாகச் சொல்வேன்.

1960இல் பிரான்சிஸ் கெல்சி என்ற வைத்தியர் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில் தலிடோமைட் என்ற மருந்தின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு ஐரோப்பாவில் தாராளமாக விற்பனையான மருந்து அது. அனுமதி கேட்டு நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியது. "பாதுகாப்பானது என்பதற்குரிய ஆதாரம் போதாது" என்று கெல்சி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். 1961 முடிவில் உண்மை வெளிவந்தது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்திருந்தார்கள். அமெரிக்கா பெருமளவில் தப்பியது. கெல்சி விஞ்ஞானத்தை எதிர்க்கவில்லை. விஞ்ஞானம் தெரிந்திருந்ததால்தான் அவரால் பொறு என்று சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்வதற்கான பதவியும் அவரிடம் இருந்தது.

கிளாராவுக்கும் கெல்சிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அறிவில் இல்லை. ஒருவருக்கு மறுக்கப்பட்ட இடம் மற்றவருக்குக் கிடைத்தது. நம் எதிர்காலம் இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவும் மரபணுவைத் திருத்தும் தொழில்நுட்பமும் நம் கதவைத் தட்டுகின்றன. அவை வரமாகுமா சாபமாகுமா என்று மேடையில் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவற்றை அனுமதிக்கும் மேசையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்போம்.

தோழியரே, பரீட்சைக்காக மட்டும் இரசாயனத்தை மனனம் செய்யாதீர்கள். ஒவ்வொரு சமன்பாட்டின் வலது பக்கத்திலும் மனிதர்கள் நிற்கிறார்கள் என்று நினைத்துப் படியுங்கள். விளங்காததைக் கேளுங்கள், பிழை என்று தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பெற்றோரே, மகள் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவு செய்தால் நீங்கள் மகிழ்கிறீர்கள். பெறுபேறு வந்தால் அயலவருக்கெல்லாம் இனிப்புக் கொடுக்கிறீர்கள். அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பட்டச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு எங்கள் படிப்பை முடித்துவிடாதீர்கள். அறிவு ஓர் அமானிதம். அதைப் பெட்டியில் பூட்டி வைப்பவரும், அதைத் தவறாகப் பயன்படுத்துபவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த முறை அந்த விவாதத் தலைப்பு வந்தால் நான் எந்த அணியிலும் சேரப்போவதில்லை. தலைப்பை மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

– உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி